எனாமல் சாமான்: எத்தனை இருந்தால் போதும்?

கேள்வி:

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பதினாறு வருஷத்துக்கு முன் எங்கள் ஆயா காலமானபோது, பங்கு பிரித்ததில் என் கைக்கு நீல நிற எனாமல் தூக்குச்சட்டி ஒன்று வந்தது. அதற்கு ஜோடி தேடித்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளுக்கு முதன்முதலில் போனேன். ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்ப மனசு வராமல் எதையாவது வாங்கி வந்தேன். தட்டு, பேசின், கிண்ணம், அடுக்குக் கேரியர், கூஜா என்று இப்போது 236 உருப்படிகள் இருக்கின்றன. இரண்டு பீரோ நிறைந்து, பரணும் நிறைந்து, இப்போது கட்டிலுக்கு அடியிலும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு பச்சைக் கிண்ணம் வாங்கி வந்தேன். வீட்டில் வைக்க இடம் தேடியபோதுதான், அதே மாதிரி இரண்டு கிண்ணம் ஏற்கனவே இருப்பதைப் பார்த்தேன். எனக்கே திக்கென்று ஆகிவிட்டது. வீட்டுக்காரர் “போதும், நிறுத்து” என்கிறார். கோயம்புத்தூரில் ஃப்ளாட்டில் இருக்கும் மகளோ, “அம்மா, இவ்வளவையும் நான் எங்கே வைப்பேன்?” என்கிறாள். இது அளவு மீறிவிட்டதா? எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது? இவற்றில் சாப்பிடலாமா?

– ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அளவு மீறிவிட்டது. 236 என்ற எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. ஐந்நூறு உருப்படி வைத்துக்கொண்டு, எது எந்த அடுக்கில் இருக்கிறது, யார் வீட்டிலிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வைத்திருந்தும் தடுமாறுகிறவர்கள் உண்டு. தன்னிடம் இருப்பது தனக்கே மறந்துபோகிற நாளில் அளவு மீறிவிடுகிறது. அந்தப் பச்சைக் கிண்ணம் உங்களிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

வருத்தப்பட வேண்டாம். இந்தச் செட்டிநாட்டு மண்ணில் இவ்வளவு எனாமல் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தால், உங்கள் கேள்விக்கு வழியும் அதிலேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1930கள் வரை பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டார், ரங்கூனிலும் பினாங்கிலும் கிடைத்த உலகத்துச் சாமான்களை ஊருக்கு அனுப்பினார்கள். சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் நாட்டு எனாமல் அப்படித்தான் வந்தது. பீங்கான் கிண்ணத்தை இந்தப் பக்கத்தில் ‘மங்கு’ என்று சொல்வோமே, அந்தச் சொல்லே மலாய் மொழியிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பித்தளையும் வெண்கலமும் கனம். எனாமல் லேசு, பளிச்சென்று இருக்கும், புளி போட்டுத் தேய்க்கும் வேலை கிடையாது. அதனால் கல்யாணச் சீரில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. டஜன் கணக்கில் பரப்பி வைத்து உறவுக்குக் காட்டிவிட்டு, வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகளில் அந்தந்தப் புள்ளிக்கு (கல்யாணமான குடும்பத்துக்கு) உரிய அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

அந்த வீடுகளில் உங்களுடையதைப் போலப் பல மடங்கு சாமான் இருந்தது. ஆனாலும் அது அளவு மீறியதாக யாருக்கும் தோன்றவில்லை. காரணம், ஒவ்வொரு அடுக்கும் எங்கே போகப்போகிறது என்பது தெரிந்திருந்தது. இது மூத்தவளுக்கு, இது இளையவளுக்கு, இது மகன் கல்யாணத்தில் வருகிறவர்களுக்கு என்று தாய் மனசில் ஒரு கணக்கு இருந்தது. வந்ததற்கும் கொடுத்ததற்கும் சிட்டை இருந்தது. செட்டிநாட்டில் சேர்ப்பது என்றாலே கொடுப்பதற்காகச் சேர்ப்பதுதான்.

அந்தக் கணக்கு குலைந்ததும் நம் கண் முன்னால் நடந்த வரலாறு. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது ஏராளமானவர்கள் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்த வருஷங்களில் வங்கிகளையும் வியாபாரத்தையும் அரசுடைமையாக்கிய பிறகு மிச்சமிருந்ததும் போயிற்று. பெரிய வீடுகளில் பங்காளிகள் பெருகினார்கள், பலர் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் குடிபோனார்கள், பூட்டிய அறைகளின் சாமான் கடைத்தெருவுக்கு வந்தது. நீங்கள் அந்தக் கடையில் பார்க்கும் ஒவ்வொரு கிண்ணமும் போகவேண்டிய இடம் தவறிப்போன கிண்ணம். அதை வாங்கும்போது அதற்கு ஒரு போகுமிடம் தேடித்தரும் கடமையையும் சேர்த்து வாங்குகிறோம். அந்தக் கடமையைச் செய்ய முடிகிற வரைக்கும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். முடியாமல் போனால் நம் பரணும் இன்னொரு பூட்டிய அறைதான்.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கூடத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் இறக்கிப் பரப்புங்கள். நம் கல்யாண வீடுகளில் சாமான் பரப்புகிற மாதிரியே பரப்புங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: வந்த வழி, முத்திரை, நிலை, போகுமிடம். முதல் மூன்றும் எளிது. நாலாவதை எழுதத்தான் பேனா நிற்கும். அந்த இடம் காலியாகவே இருக்கும் உருப்படிகள் எத்தனை என்று எண்ணுங்கள். உங்களிடம் கூடுதலாக இருப்பது அவ்வளவுதான்.

ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஆயாவின் தூக்குச்சட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சுவீடன் நாட்டுக் கொக்கும்ஸ் நிறுவனத்தின் முத்திரை இருக்கலாம். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அது 1918க்குப் பிறகு செய்தது. அதற்கு முன் அந்தப் பெயரில் நாடே இல்லை. பீங்கான் மங்குச் சாமானும் இருந்து, அதில் ‘நிப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தையது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற பொருளில் இருந்தால் உலகப் போர் முடிந்த பிறகு 1952க்குள் செய்தது. முத்திரை தேய்ந்திருந்தால் குறைவில்லை, ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.

அடுத்து, பெயர். பித்தளையில் உளி வைத்துப் பேர் வெட்டுவார்கள். எனாமலில் வெட்டினால் பூச்சு உதிர்ந்துவிடும். அதனால் குடும்ப விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) பெயிண்டில் எழுதியிருக்கிறதா என்று அடியிலும் காதுப் பக்கத்திலும் பாருங்கள். இருந்தால் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அந்த இரண்டு மூன்று எழுத்துத்தான் அந்தச் சாமானின் பிறந்த வீடு.

பிறகு விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைக் குழம்பாகப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. இரும்பைக் கெட்டியாகப் பிடிக்க முதல் பூச்சில் கோபால்ட் கலப்பது வழக்கம். அதனால்தான் வெள்ளைத் தட்டில் சில்லு பெயர்ந்த இடம் கருநீலமாகத் தெரிகிறது. அது கருநீலமாக மட்டும் இருந்தால் இரும்பு இன்னும் பத்திரமாக இருக்கிறது. செம்பழுப்பாக மாறியிருந்தால் துரு உள்ளே நுழைந்துவிட்டது. இந்த வித்தியாசத்தை நிலை என்ற பத்தியில் குறியுங்கள்.

நோட்டு முடிந்ததும் பிரியுங்கள். ஆயாவின் சட்டி, விலாசம் உள்ளவை, மூடியும் அடுக்கும் குறையாத கேரியர்கள், உங்களுக்கு அதன் கதை தெரிந்தவை எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஒரே மாதிரி மூன்று இருந்தால் நல்ல நிலையில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொடுக்கலாம். ஆனால் ஒரே அடுக்கைச் சேர்ந்தவற்றைப் பிரிக்காதீர்கள். ஆறு தட்டு கொண்ட அடுக்கில் இரண்டை எடுத்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் குறைதான். கைப்பிடி போனதும் அடி ஓட்டையானதும் துளசிச் செடி வைக்கப் போதும்.

சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். பழைய எனாமலில் சாப்பிட வேண்டாம் என்பதே என் தீர்மானமான பதில். சில்லு பெயர்ந்த பாத்திரத்திலிருந்து கண்ணாடித் துணுக்கு சோற்றில் விழலாம். அந்தக் கால மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காட்மியமும், சில பூச்சுகளில் ஈயமும் கலந்திருக்கலாம். புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் போன்ற புளிப்பு அவற்றைக் கரைத்து இறக்கும். பூ வைக்க, வெற்றிலை வைக்க, தோலோடு பழம் அடுக்கப் பயன்படுத்துங்கள். பேரப்பிள்ளைக்குப் பால் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பராமரிப்பு சுலபம். மென்மையான சோப்புத் தண்ணீர், துணி, அவ்வளவுதான். கம்பி நாரும் எலுமிச்சையும் புளியும் பளபளப்பைத் தின்றுவிடும். கழுவியதும் ஈரம் நிற்காமல் துடைத்து வெயில் படாத இடத்தில் உலர்த்துங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் பழைய வேட்டித் துணியை மடித்து வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். தரை ஈரமும் காலில் இடறுவதும்தான் எனாமலுக்கு எமன்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. “இவ்வளவையும் எங்கே வைப்பேன்” என்றுதான் கேட்டிருக்கிறாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது பரப்பிய சாமான் முன்னால் அவளை உட்காரவைத்து, ஐந்தே ஐந்து எடுக்கச் சொல்லுங்கள். எதை எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடாது. எடுத்த ஐந்தின் கதையையும் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஃப்ளாட்டில் ஐந்துக்கு இடம் இருக்கும்.

மற்றவற்றுக்கு அக்கம்பக்கத்திலேயே போகுமிடம் உண்டு. விலாசம் தெரிந்த சாமானை அந்தக் குடும்பத்தாரிடம் காட்டிக் கேளுங்கள். தாங்கள் இழந்ததைத் திரும்பப் பார்க்கிறவர்கள் முகத்தை நீங்கள் மறக்கமாட்டீர்கள். உங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி கிடைத்தால் பத்து உருப்படியும் பத்துக் குறிப்புச்சீட்டும் போதும், அது ஒரு சின்ன அருங்காட்சியகம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996 முதல் நடந்துவரும் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றையே பெயர்த்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்; குறைந்த சாமானை எவ்வளவு நிறைவாக வைக்கலாம் என்பது புரியும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு உறவுக்காரர் கேட்டால் உடனே பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத தொல்பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது. முத்திரையை வைத்து வயதைக் குறிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைத்தெருவை அடியோடு மறந்துவிடச் சொல்லமாட்டேன். பதினாறு வருஷம் உங்கள் கையும் கண்ணும் பழகிய இடம் அது. இனி போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்று பிடித்துப்போனால் கடையில் நின்றபடியே அதன் பக்கத்தில் போகுமிடம் எழுதிப் பாருங்கள். பெயர் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆயாவின் தூக்குச்சட்டிக்கு நேராக மட்டும் இன்றைக்கே ஒரு பெயரை எழுதிவிடுங்கள்.