நிற்காமல் தாண்ட வேண்டிய தீவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைக் கடல் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன். கோவாவில் பாய் விரித்துக் கவரத்தி, அங்கிருந்து மினிக்காய், மினிக்காயிலிருந்து மாலத்தீவின் வடகோடியில் உள்ள உலிகன், பிறகு பவழத்தீவுக் கூட்டங்கள் வழியாகத் தெற்கே அட்டு, கடைசியில் ஒரே ஓட்டமாக மொரிஷியஸ். மலையடிவாரத்துச் சேத்தூரில் பிறந்த பிள்ளை இந்தப் பெயர்களை வரிசையாக எழுதியிருப்பதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூரங்கள் அமைந்திருக்கும் வரிசைதான் எனக்குக் கவலை.

கணக்குப் போட்டுப் பார். கோவா–கவரத்தி சுமார் 300 கடல் மைல். சராசரி 5 நாட் வேகத்தில் போனால் இரண்டரை நாள். கவரத்தி–மினிக்காய் சுமார் 140 மைல். ஒரு பகலும் ஓர் இரவும் சற்று நீளும், அவ்வளவுதான். மினிக்காய்–உலிகன் சுமார் 75 மைல். மாலத்தீவுக்குள் நுழைந்துவிட்டால் காலையில் நங்கூரம் தூக்கி மாலையில் போடுகிற ஓட்டங்கள். ஓட்டம் போகப்போகக் குறுகிக்கொண்டே வருகிறது. அப்படிக் குறுகிப் பழகிய உடம்போடும் படகோடும் அட்டுவை விட்டுக் கிளம்பினால் எதிரே இருப்பது ஏறக்குறைய 1,500 மைல். பன்னிரண்டு நாளுக்குக் குறையாது.

ஓரிரு இரவு ஓட்டங்கள் நம்மை ஏமாற்றிவிடும், தம்பி. முதல் இரவு உற்சாகத்தில் கழியும். இரண்டாம் இரவு பிடிவாதத்தில் கழியும். மூன்றாம் இரவில்தான் உடம்பு உள்ளதைச் சொல்லும். காவல் மாற எழுப்பினால் கண் திறக்காது, சோறு இறங்காது, காம்பஸைப் பார்த்து எண்ணைத் தப்பாகப் படிப்பாய். இருவர் மட்டும் ஓட்டும் படகில் இதைத் தாங்கிக்கொள்ள மூன்றாம் ஆள் கிடையாது. நான்காம் நாள் பிற்பகலில் தூக்கமும் பசியும் ஒரு ஒழுங்குக்கு வரும். அந்த ஒழுங்கு வந்த பிறகு கடல் எவ்வளவு நீளமானாலும் ஓடலாம். உன் திட்டத்தில் அட்டுவுக்கு முன்னால் அந்த நான்காம் நாள் ஒருமுறைகூட வரவில்லை.

அதனால் என் யோசனை இது. உலிகனில் குடிநுழைவு வேலைகளை முடித்துக்கொண்டு, மாலத்தீவுக் கூட்டங்களுக்கு மேற்கே 25 மைல் வெளியில் தள்ளி, ஒரு தீவிலும் ஒதுங்காமல் நேராக அட்டுவுக்கு ஓட்டு. சுமார் 460 மைல், நான்கு நாள். பிப்ரவரி, மார்ச்சில் வாடைக்காற்றும் நீரோட்டமும் பெரும்பாலும் மேற்கு நோக்கித் தள்ளும் என்பதால் ஏதாவது பழுதானாலும் படகு பவழப்பாறையை விட்டு விலகிப் போகவே வாய்ப்பு அதிகம். தெற்கே போகப்போகக் காற்று செத்துப்போகும்; அதையும் அங்கேயே பொறுத்துப் பழகு. இரவில் கிழக்கு வானத்தில் தீவு விளக்குகளின் வெளிச்சம் மங்கலாகத் தெரியும். ஒதுங்கலாமா என்று மனம் கேட்கும். ஒதுங்காதே. அவசரம் வந்தால் திரும்ப இடம் இருக்கிறது, ஆனாலும் திரும்பாமல் போகிறோம் என்ற நிலையில் அந்த நான்கு நாளை வாழ்ந்து பார்ப்பதுதான் பெருங்கடலுக்கு நெருங்கிய ஒத்திகை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கடற்படையின் தில்னாவும் நம் புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமியும் ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பி வந்தார்கள். ஃப்ரீமேண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கே இடங்களில்தான் நின்றார்கள். அந்தப் பெருமையைப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நீ படிக்க வேண்டும். முதலில் ஆறு பேர் குழுவில் இருவராகக் கேப் டவுன் வழியாக ரியோ டி ஜெனிரோ வரை போய் வந்தார்கள். பிறகு இருவராக மட்டும் கோவாவிலிருந்து போர்ட் பிளேருக்குப் போய்த் திரும்பினார்கள். அதற்கும் பிறகு, மறுபடி இருவராகவே, மொரிஷியஸின் போர்ட் லூயிஸ். ஆள் குறைந்தது; கடல் அகன்றது. தீவு அவர்களுக்குச் சுற்றுலா இடமாக இல்லை, அடுத்த தூரத்தை அளக்கும் கல்லாக இருந்தது.

தமிழருக்கு இது புதிதும் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். கப்பல் தலைவரான தண்டல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் 1937-இல் அதை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கொழும்பு, ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் என்று துறை துறையாகப் போய், பெர்முடா வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது துணிச்சல் இல்லை, பொறுமை.

பொறுமையைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. நீ மார்ச் கடைசியில் மொரிஷியஸ் என்று எழுதியிருக்கிறாய். தென் இந்தியப் பெருங்கடலில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். மொரிஷியஸ் இருப்பது தெற்கே 20 டிகிரியில், புயல்கள் நடமாடும் பாதையில். பூமத்திய ரேகையை ஒட்டிய அட்டுவைப் புயல் அநேகமாகத் தொடுவதில்லை. ஆகவே மார்ச்சில் அட்டு போய்ச் சேர். மே வரை அங்கே இரு. அதற்குள் தென்கிழக்குக் காற்றும் நிலைப்பட்டுவிடும். காத்திருக்கும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடு. கோவாவை விட்டு ஜனவரிக்கு முன் கிளம்பவும் வேண்டாம்: 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிமுனைக்குப் பக்கத்தில் எவ்வளவு வேகமாகத் திரண்டு லட்சத்தீவு வரை போனது என்பதை நம் தென்கரை இன்னும் மறக்கவில்லை. வீட்டில் யாரிடமும் தேதி சொல்லாதே. மாதம் சொல். அம்மா நாளை எண்ணிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பில் கெட்ட வானத்தில் நங்கூரம் தூக்கிவிடுவோம்.

தீவை நெருங்குவது தனிக் கலை. லட்சத்தீவும் மாலத்தீவும் தட்டையானவை. கரையே இரண்டு மீட்டர் உயரம்தான், அதன்மேல் தென்னை. உன் படகில் நின்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மைலில்தான் தென்னந்தலைகள் கீற்றாகத் தெரியும். அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம். ஜிபிஎஸ் உன் இடத்தைச் சரியாகக் காட்டும். பாறையின் இடத்தை வரைபடம் சரியாகக் காட்டுகிறது என்று எந்த உறுதியும் இல்லை. பவழத்தைக் கண்ணால் பார்த்துத்தான் நுழைய வேண்டும்: சூரியன் உச்சிக்கு ஏறியிருக்க வேண்டும், உன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஒருவர் முன்னணியத்தில் நிற்க வேண்டும். நீலம் ஆழம், பச்சை எச்சரிக்கை, பழுப்பு பாறை. மாலை நான்கு மணிக்கு வாயில் தெரிகிறது என்றால் நுழையாதே. வெளியிலேயே முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் பூட்டிப் படகை நிறுத்திவை, விடியட்டும். நடுக்கடலில் நொறுங்கும் படகுகளைவிடக் கரை தெரியும் தூரத்தில் நொறுங்குபவைதான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

மொரிஷியஸ் வேறு மாதிரி. 828 மீட்டர் வரை மலை எழும்பி நிற்கும் தீவு; தென்கிழக்குக் காற்றுக்கு மறைவான பக்கத்தில் போர்ட் லூயிஸ். மலை தாண்டி மறைவுப் பக்கம் விழும் காற்றை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது நம் சேத்தூர்ப் பக்கம் காற்று மட்டும் முகட்டைத் தாண்டி உருண்டு விழுமே, தென்னை சாய்ந்து நிமிர்வதற்குள் வேறு திசையில் சாய்க்குமே, அதேதான். மறைவுக்குள் வந்ததும் கடல் அமைதியாகிவிட்டதே என்று பாயை முழுதும் விரிக்காதே. குறைத்தே வை.

மினிக்காயைத் தாண்டும் இரவு எட்டு டிகிரிக் கால்வாய். சூயஸ் பக்கமிருந்து இலங்கைக்குத் தெற்கே போகும் பெருங்கப்பல்கள் அதன் வழியே கிழக்கு மேற்காகப் போகும். நீ குறுக்கே வெட்டுகிறாய். தொடுவானத்தில் விளக்காகத் தெரியும் கப்பல் 20 நாட் வேகத்தில் வந்தால் இருபது நிமிடத்தில் தலைமேல் நிற்கும். அந்த இரவு இருவரும் மாறி மாறி விழித்திருங்கள்; கருவியின் அலாரத்தை நம்பி இருவரும் தூங்க வேண்டாம்.

இனிப் படகு. ஒவ்வொரு தீவிலும் நங்கூரம் போட்டவுடன் கரைக்கு ஓடாதே. குறிப்பேட்டைத் திறந்து வழியில் முனகியது, கசிந்தது, தேய்ந்தது எல்லாவற்றையும் எழுது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளுக்கு ஒரு சோதனை உண்டு. நம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை ஒரு சுருள் எடுத்துப் போ. கம்பியைத் துணியால் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே மெல்ல உருவு. கீழே கம்பி முனை குழலுக்குள் நுழையும் இடத்தில் இன்னும் மெல்ல. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு இழை அறுந்திருந்தால் துணியின் நூல் அதில் மாட்டி இழுபடும். ஓரிழை மாட்டினாலும் அந்தக் கம்பியோடு பெருங்கடலுக்குப் போகக் கூடாது. பாயை ஏற்றும் கயிறு உச்சிக் கப்பியில் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். தினமும் விடியற்காலையில் ஒரு சாண் இழுத்தோ விட்டோ உரசும் இடத்தை மாற்று.

2018-இல் ‘தாரிணி’ முதல்முறை உலகைச் சுற்றிவந்தபோது சுக்கான் இயக்கத்தில் கோளாறு ஏற்பட்டுத் திட்டத்தில் இல்லாத போர்ட் லூயிஸில் ஒதுங்க வேண்டியிருந்தது. அந்தப் படகில் ஆறு அதிகாரிகள் இருந்தார்கள்; பின்னால் ஒரு கடற்படையே இருந்தது. உனக்குச் சுக்கான் போனால் மாற்றுக் கைப்பிடி படகிலேயே இருக்க வேண்டும்; அதை மாட்டி ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும். உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயம் ஒன்றில் ஓடிய அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டு ஆம்ஸ்டர்டாம் தீவில் சேர்த்தது. அதே பந்தயத்துக்கு 2022-இல் திரும்பிப் போய் 2023-இல் இரண்டாமவராக முடித்தார். தில்னாவுக்கும் ரூபாவுக்கும் பயிற்சி தந்து வழிகாட்டியவரும் அவர்தான்.

சேத்தூருக்கு மிக அருகில் இருக்கும் தீவுகள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் என்பதால் அங்கே பழகலாமா என்று கேட்டிருந்தாய். அது தேசியப் பூங்கா. கரையேறவோ நங்கூரம் போடவோ நினைக்காதே. தூத்துக்குடிக்குப் போ, ஆனால் பழைய தோணித் தண்டல்களிடம் உட்கார்ந்து பேசுவதற்காகப் போ. நீரோட்டத்தை நிறத்திலும் அலையின் முகத்திலும் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

லட்சத்தீவு நுழைவு அனுமதிக்கு இப்போதே விண்ணப்பி. அது தாமதமானால் மொத்தமும் தள்ளிப்போகும். திருத்திய திட்டத்தில் உலிகன்–அட்டு ஓட்டத்தை நிற்காமல் போவதாக எழுதி எனக்கு அனுப்பு. அட்டுவில் இறங்கியதும் அந்த நான்கு நாள் குறிப்பேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. எப்போது தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், எது உடைந்தது என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, மே மாதத்தில் கிளம்பலாமா என்று நாம் இருவரும் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணாச்சி
ராஜபாளையம்