பழைய காரில் புதிய பாடம்: பெட்ரோல் எஞ்சின் வெளியேறி மின்மோட்டார் உள்ளே வந்தால்

பத்தாம் வகுப்பில் இயக்க விதிகளும் மின்னோட்டவியலும் தனித்தனிப் பாடங்கள். திருப்பு விசைக் கணக்கும் P = VI கணக்கும் ஒரே பொருளில் சந்திக்கும் இடத்தை மாணவர்கள் காண்பது அரிது. அவை சந்திக்கும் ஓர் இடம், பழைய விளையாட்டுக் காரை வீட்டுப் பட்டறையிலேயே மின்காராக மாற்றும் பணி. இங்கிலாந்தில் ஆர்வலர்கள் பலர் இதைச் செய்துவருகிறார்கள். அவர்கள் போடும் கணக்குகள் நம் பாடநூல் கணக்குகளே.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
- தொடரிணைப்பு, பக்க இணைப்பு ஆகியவற்றின் பயனை எண்களால் விளக்குவர்.
- ஆற்றலின் அளவையும் பயனுறுதிறனையும் வேறுபடுத்திக் கூறுவர்.
- உயர் மின்னழுத்தத்தின் தேவையையும் ஆபத்தையும் உணர்வர்.

எடுத்துக்கொள்ளும் கார்

எம்.ஜி.பி. என்னும் இரு இருக்கைக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரானது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. 1798 கன செ.மீ. எஞ்சின், உச்சத் திறன் சுமார் 95 குதிரைத்திறன், அதாவது 71 கிலோவாட். கனமான வார்ப்பிரும்பு எஞ்சினும், தாராளமான எஞ்சின் அறையும், எளிய அமைப்பும் இருப்பதால் மாற்றுவோர் இதை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர்.

இன்னொரு சுவையான செய்தி: தொடக்ககால எம்.ஜி.பி. கார்களில் இருக்கைகளுக்குப் பின்னே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 12 வோல்ட் பெறப்பட்டது. தொடரிணைப்பைத் தொடங்கிவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மோட்டாரும் பேட்டரியும்

விபத்தில் சிக்கிக் கழிக்கப்பட்ட நிசான் லீஃப் மின்காரின் பாகங்களைப் பலர் வாங்கிப் பொருத்துகின்றனர். முதல் தலைமுறை லீஃப் காரின் மோட்டார் 80 கிலோவாட் திறனுடையது. அதன் பேட்டரி 24 கிலோவாட் மணி கொள்ளளவுடையது. பேட்டரிக்குள் 48 தொகுதிகள். தொகுதிக்கு 4 மின்கலங்கள். கணக்கைக் கரும்பலகையில் படிப்படியாகப் போடலாம்.

- ஒரு மின்கலம்: சுமார் 3.8 வோல்ட், 33 ஆம்பியர் மணி.
- ஒரு தொகுதி (இரண்டு தொடராக, இரண்டு பக்கமாக): 7.6 வோல்ட், 66 ஆம்பியர் மணி.
- 48 தொகுதிகள் தொடராக: 48 × 7.6 = சுமார் 365 வோல்ட்.
- மொத்த ஆற்றல்: 365 × 66 = சுமார் 24,000 வாட் மணி.

தொடரிணைப்பில் மின்னழுத்தம் கூடுகிறது. பக்க இணைப்பில் ஆம்பியர் மணி கூடுகிறது. இரண்டும் ஒரே பேட்டரிக்குள் இருக்கின்றன.

ஏன் 365 வோல்ட்? 80,000 வாட்டை 365 ஆல் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 219 ஆம்பியர். அதே திறனை 12 வோல்ட்டில் பெற 6,600 ஆம்பியருக்கு மேல் வேண்டும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதால், அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் கம்பியைக் காருக்குள் வைப்பது இயலாது.

24 பெரிதா, 450 பெரிதா?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. 50 லிட்டர் தொட்டியில் 450 கிலோவாட் மணி. பேட்டரியின் 24 கிலோவாட் மணி, 2.7 லிட்டர் பெட்ரோலுக்கே சமம். இந்த இடத்தில், “அப்படியானால் இந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடும்?” என்று கேட்டு மாணவர்களைக் கணிக்கவிடுங்கள்.

லிட்டருக்கு 10 கி.மீ. எனக் கொண்டால் 2.7 லிட்டரில் பழைய கார் 27 கி.மீ. போகும். மின்கார் பேட்டரியில் 20 கிலோவாட் மணியை மட்டும் பயன்படுத்தி, கி.மீ.க்கு 160 வாட் மணி செலவிட்டாலும் 125 கி.மீ. போகும். பெட்ரோல் எஞ்சினில் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது; மோட்டாரில் பெரும்பகுதி இயக்கமாகிறது. பயனுறுதிறன் என்ற சொல் இங்கே பொருள் பெறுகிறது. ஆனால் 50 லிட்டரில் பழைய கார் 500 கி.மீ. போகும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மையான ஒப்பீடு.

மாற்றும்போது எழும் சிக்கல்கள்

திருப்பு விசை: பழைய எஞ்சினின் உச்சத் திருப்பு விசை சுமார் 149 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 சுழற்சி அளவில்தான். லீஃப் மோட்டார் நின்ற நிலையிலேயே 280 தரும். பழைய கியர் பெட்டியோடு இணைத்தால் பற்சக்கரங்கள் தாங்காமல் போகலாம். எனவே கட்டுப்படுத்தியில் உச்ச அளவைக் குறைத்து வைக்கின்றனர்.

எடைப் பங்கீடு: தொகுதி ஒன்று 3.8 கிலோ; 48 தொகுதிகள் 182 கிலோ. எல்லாவற்றையும் பின்பக்கம் வைத்தால் ஈர்ப்பு மையம் பின்னே நகரும். வளைவில் கார் நிலைதடுமாறும். ஆகவே முன்னும் பின்னுமாகப் பிரித்து வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் உள்ள எடையை அளந்து பார்க்கின்றனர்.

எஞ்சின் செய்துவந்த சிறு பணிகள்: பிரேக்கிற்கு உதவிய வெற்றிடம், உட்புறச் சூடு, 12 வோல்ட் மின்சாரம் ஆகியவை எஞ்சினோடு போய்விடும். இவற்றுக்கு முறையே மின் வெற்றிடப் பம்பு, மின் சூடேற்றி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி ஆகியவை வேண்டும்.

உயிர் காக்கும் விதிகள்

365 வோல்ட் நேர்திசை மின்சாரம் உயிரைப் பறிக்கும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் பேட்டரிக்குள் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரின் மின்தேக்கிகளிலும் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கும். எனவே பயிற்சி பெற்றவர்கள் முதலில் பேட்டரியின் துண்டிப்பானைக் கழற்றி, காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதிசெய்து, காப்புக் கையுறையுடன், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டே தொடுவர். இதைப் பார்த்துச் செய்யும் பணியாக மாணவர்களிடம் ஒருபோதும் அறிமுகப்படுத்தக் கூடாது. மின்ஸ்கூட்டர், கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் பேட்டரிகளையும் வகுப்பில் பிரிக்கக் கூடாது.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தில் எரிபொருள் வகை மாற்றத்தை வாகனப் பதிவு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் ஒப்புதல் பெற்ற மாற்றுக் கருவித் தொகுப்பைப் பொருத்திப் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: 1.5 வோல்ட் டார்ச் மின்கலங்கள் 2, பொம்மை மோட்டார்கள் 2, சிறு ரப்பர் குழாய், சிறு டார்ச் பல்பு, பல்நோக்கு அளவி.

இரு மோட்டார்களின் அச்சுகளையும் குழாயால் இணையுங்கள். ஒன்றை மின்கலங்களோடும் மற்றதைப் பல்போடும் இணையுங்கள். முதல் மோட்டார் சுழலும்போது இரண்டாவது மின்னியற்றியாகும். இரு பக்கமும் V, I அளந்து, திறன்களின் விகிதத்தைக் காணச் செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, உள்ளீடு 3 × 0.4 = 1.2 வாட், வெளியீடு 1.2 × 0.2 = 0.24 வாட் எனில் பயனுறுதிறன் 20 விழுக்காடு. பல்பு ஒளிராவிட்டாலும் அளவி காட்டும். மின்கார் வேகம் குறைக்கும்போது அதன் மோட்டாரே மின்னியற்றியாகிப் பேட்டரிக்கு ஆற்றலைத் திருப்பி அனுப்புவதை இதிலிருந்து விளக்கலாம்.

மதிப்பீடு

1. 24 தொகுதிகளை மட்டும் தொடராக இணைத்தால் மின்னழுத்தம், ஆற்றல் எவ்வளவு?
2. இரண்டாவது மோட்டாரின் மின்சாரத்தை முதல் மோட்டாருக்கே கொடுத்தால் அது நிற்காமல் ஓடுமா? உங்கள் அளவீட்டைக் கொண்டு விளக்குக.
3. விவாதிக்க: 50 ஆண்டுப் பழமையான காரின் எஞ்சினை எடுப்பது மரபை அழிப்பதா, காருக்கு மறுவாழ்வு தருவதா? சிலர் உடற்பகுதியை வெட்டாமல், பழைய எஞ்சினையும் பத்திரப்படுத்தி, மீண்டும் பொருத்தும்படி விடுகின்றனர். இது குறித்து உங்கள் கருத்து என்ன?

இரண்டாம் வினாவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். எரிபொருளே வேண்டாத இயந்திரம் என்று யாராவது விற்க வந்தால், தாமே அளந்த எண்ணைக் காட்டி மறுக்க மாணவர்களுக்கு அது கற்றுத்தரும்.