ஷட்டர் ஸ்பிரிங்: மாற்றும் முன் அறிய வேண்டியவை

தனி வீடுகளில் கார் நிறுத்துமிடத்தை இரும்பு ரோலிங் ஷட்டர் கொண்டு அடைப்பது இந்திய நகரங்கள் பலவற்றில் காணும் வழக்கம். வீட்டின் முன்பகுதியைக் கடையாக வாடகைக்கு விடுவோரும் அதே ஷட்டரைத்தான் பொருத்துகின்றனர். நாள்தோறும் ஏற்றி இறக்கும் இந்தக் கதவைப் பற்றி, அது ஏற மறுக்கும் நாள்வரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாளாகவும் அது அமைந்துவிடலாம். ஷட்டர் பழுதுகளில் மிகுந்த கவனத்துக்குரியது ஸ்பிரிங் பழுது. ஸ்பிரிங் எவ்வாறு வேலை செய்கிறது, அதன் தளர்ச்சியை எவ்வாறு அறிவது, மாற்றும் பணியில் நம் பங்கு எதுவரை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

எடையைச் சுமப்பது எது?

2.5 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு ஷட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 6 சதுர மீட்டர். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9.4 கிலோ எடை கொண்டது. தட்டையான தகடாகக் கணக்கிட்டாலே 56 கிலோவுக்கு மேல் வருகிறது. பட்டைகளின் வளைவு, அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மடிப்பு, அடிப்பட்டை ஆகியவை சேரும்போது எடை இன்னும் கூடும். இத்தனை எடையை முதியவர் ஒருவரால் கையால் உயர்த்த முடிகிறதென்றால், அதில் பெரும்பங்கைச் சுமப்பது மேலே மறைந்திருக்கும் ஸ்பிரிங்.

கதவின் மேற்புறத்தில், இரு பக்கச் சுவர்களிலும் உள்ள பிராக்கெட்டுகளில் கிளாம்ப் கொண்டு இறுக்கப்பட்ட பைப் ஒன்று உண்டு. கையால் இயக்கும் ஷட்டரில் அந்தப் பைப் சுழல்வதில்லை. அதன்மேல் ஸ்பிரிங்குகள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்புடனும், மறுமுனை அதைச் சுற்றிச் சுழலும் உருளையுடனும் பிணைக்கப்பட்டிருக்கும். ஷட்டரின் இரும்புத் திரை அந்த உருளையிலிருந்துதான் தொங்குகிறது. திரையைக் கீழே இழுக்கும்போது உருளை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. அம்முறுக்கில் சேர்ந்த ஆற்றல், திரையை மேலே தள்ளும்போது நமக்குத் திரும்பக் கிடைக்கிறது.

கதவு முழுவதும் மூடியிருக்கையில் தொங்கும் எடை மிகுதி. ஸ்பிரிங்கின் முறுக்கும் அப்போதுதான் மிகுதி. திரை மேலே ஏற ஏறச் சுருண்டுகொள்வதால் தொங்கும் எடை குறைகிறது. முறுக்கும் உடன் குறைகிறது. இவ்விரண்டும் ஒத்துச் செல்வதே நல்ல ஷட்டரின் இலக்கணம்.

மோட்டார் பொருத்திய ஷட்டர்களில், நடுவே பைப்பிலேயே மோட்டார் அமைந்த வகைக்கும் ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்தால் சுமை மோட்டாரின்மேல் விழும்; மோட்டார் சூடேறிக் கெடும். பக்கவாட்டில் மோட்டார் வைக்கும் கனமான வகையில் பெரும்பாலும் ஸ்பிரிங் இராது. நம் வீட்டில் உள்ளது எவ்வகை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டுக்கணக்கா, எண்ணிக்கையா?

ஸ்பிரிங் முதுமையடைவது ஆண்டுகளால் மட்டுமன்று. முறுக்கித் தளரும் எண்ணிக்கையாலும் ஆகும். அமெரிக்க வீடுகளின் கராஜ் கதவு ஸ்பிரிங்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 10,000 முறை திறந்து மூடுதல். நம் ஷட்டரின் அமைப்பு வேறாயினும், கணக்கிடும் முறையை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். நாளுக்கு இருமுறை திறந்து மூடினால் 10,000 என்பது ஏறத்தாழ பதின்மூன்றரை ஆண்டு. நான்கு முறையென்றால் ஏழு ஆண்டுக்கும் குறைவு. ஒரே நாளில் பொருத்தப்பட்ட இரண்டு ஷட்டர்களில் ஒன்று முன்னதாகத் தளர்வதன் காரணம் இதுவே. கடலோர நகரங்களில் உப்புக் காற்றால் ஏறும் துரு இந்த ஆயுளை மேலும் குறைக்கும்.

நாமே செய்யத்தக்க சோதனை

1. கையால் இயக்கும் ஷட்டரைப் பாதியளவு உயர்த்தி, இரு கைகளாலும் பிடித்தபடியே பிடியை மெல்லத் தளர்த்துக. கால்கள் ஷட்டருக்கு அடியில் இருத்தல் கூடாது. திரை அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக உள்ளது. தானே இறங்கினால் தளர்ந்துள்ளது. தானே விரைந்து ஏறினால் முறுக்கு மிகுந்துள்ளது.

2. ஏற்றுவதும் இறக்குவதும் ஒருசேரக் கடினமாக இருந்தால், குறை பெரும்பாலும் பக்கவாட்டு கைடுகளில் இருக்கும்: துரு, புழுதி, வளைவு. இறக்குவது எளிதாகவும் ஏற்றுவது மட்டும் கடினமாகவும் இருந்தால் ஸ்பிரிங்கை ஐயுற வேண்டும்.

3. பல ஸ்பிரிங்குகள் உள்ள ஷட்டரில் ஒன்று மட்டும் அறுபட்டால், கதவு மேலும் சில காலம் ஓடும். ஆனால் ஒருபுறம் சாயும், மேலே கடகடவென்ற ஓசை கேட்கும். எஞ்சிய ஸ்பிரிங்குகள் மிகைச்சுமை தாங்குகின்றன என்பதே அதன் பொருள்.

கைடுகளை மாதம் ஒருமுறை துடைத்துச் சிறிதளவு கிரீஸ் இடுவது நம்மால் இயலும் பராமரிப்பு. மிகையாகத் தடவினால் புழுதி ஒட்டிக்கொள்ளும்.

நாம் தொடக்கூடாத இடம்

நம் பங்கு இத்துடன் முடிகிறது. பைப்பை இறுக்கியிருக்கும் கிளாம்பின் நட்டைத் தளர்த்தினால், ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் முறுக்கு முழுவதும் ஒரு நொடியில் பைப்பைச் சுழற்றிவிடும். அதைப் பற்றியிருக்கும் ரெஞ்ச், கையையோ முகத்தையோ தாக்கும். ஏணிமேல் நிற்பவர் கீழே விழவும் நேரும். ஷட்டர் அசையாமல் நிற்பதால் அது ஓய்ந்திருக்கிறது என்று கருதிவிடலாகாது. மூடி நிற்கும் ஷட்டரில்தான் முறுக்கு உச்சத்தில் இருக்கிறது. ஆகவே காணொளி பார்த்து நாமே மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுவதே அறிவுடைமை.

கதவு மேலே இருக்கும்போது ஸ்பிரிங் அறுந்தால், அதன் அடியில் எவரையும், குறிப்பாகக் குழந்தைகளை, நடமாட விடக்கூடாது. காரை எடுத்துவிடலாம் என்று அவசரமாக அடியில் நுழைவதும் ஆபத்து. கதவைக் கீழே இழுக்காமலும், மோட்டார் இருப்பின் இயக்காமலும் பணியாளர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பணியாளரிடம் கேட்க வேண்டியவை

• ஸ்பிரிங் மாற்ற, பொதுவாகத் திரையைப் பிரித்துப் பைப்பைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். இது தனியொருவர் செய்யும் வேலையன்று. உதவியாளருடன் வருகிறாரா என்று முன்கூட்டியே கேட்டறிக.

• அறுந்தது ஒன்றாயினும், ஒரே காலத்தில் பொருத்தியவை அனைத்தையும் சேர்த்து மாற்றுவது நன்று. மற்றவையும் அதே அளவு உழைத்தவை. தனித்தனியே மாற்றினால் பிரித்துப் பூட்டும் கூலியை மீண்டும் மீண்டும் தர நேரும்.

• புதிய ஸ்பிரிங் பழையதன் கம்பித் தடிமனுக்கும் நீளத்துக்கும் பொருந்த வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, ஐ.எஸ். 4454 தரத்துக்கு இணங்கிய உயர் இழுவலிமை எஃகுக் கம்பியால் ஆன 27.5 சென்டிமீட்டர் நீள ஸ்பிரிங்குகளைக் கோருகிறது. வாங்கும் பொருள் அத்தரத்தினதா என்று கேட்பது நம் உரிமை.

• பொருளின் விலை, எண்ணிக்கை, கூலி ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. வேலை முடிந்ததும் மேலே கூறிய பாதியளவுச் சோதனையை அவர் முன்னிலையிலேயே செய்து பார்த்து, பின்னரே முழுத்தொகையைச் செலுத்துக. வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்தினால் சான்று தானே அமையும். பில்லையும் கேட்டுப் பெறுக.

செலவுக்கு முன்னேற்பாடு

வீட்டுக் காப்பீடு இச்செலவை ஏற்கும் என்று சிலர் நம்புகின்றனர். அது தீ, புயல், வெள்ளம் போன்ற குறிப்பிட்ட இடர்களுக்கானது. தேய்மானத்தால் ஸ்பிரிங் அறுவது அவற்றுள் அடங்காது. கடையை வாடகைக்கு விடுவோர், ஷட்டர் பழுதுச் செலவு உரிமையாளருடையதா, வாடகைதாரருடையதா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பின்னர் மனக்கசப்பு நேராது.

ஷட்டர், தண்ணீர் மோட்டார், மேல்நிலைத் தொட்டி என வீட்டில் தேயும் பொருள்கள் பல. அவற்றுக்கெனத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றில் மாதம் 300 ரூபாய் சேமித்தால், 36 மாதங்களில் அசல் மட்டுமே 10,800 ரூபாய் ஆகும். கையில் பணம் இல்லாததால் ‘இன்னும் சில நாள் ஓடட்டும்’ என்று தளர்ந்த ஸ்பிரிங்கை விட்டுவைப்பதே பல விபத்துகளுக்கு வழிவகுக்கிறது. இவ்வார இறுதியில் ஒருமுறை பாதியளவுச் சோதனையைச் செய்து பார்ப்போம். திரை தானே இறங்கினால், அறுந்து விழும்வரை காத்திராமல் தேர்ந்த பணியாளரை அழைப்போம்.