கட்டுப் போட முன்



ஹவுன்ஸ்லோவில் எங்கட சனத்துக்காக நீ தமிழில் எழுதிய கால்புண் கையேட்டை நேற்றிரவு இரண்டு தரம் படித்தேன். நானும் ஒரு காலத்தில் உன்னைப்போல வீடுவீடாகப் போய்க் கட்டுப் போட்ட தாதிதான். ஆகையால் சுற்றும் விதத்தைப் பற்றி உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. அழுத்தக் காலுறை நாளப்புடைப்பைக் குணமாக்கும், இரத்தக்கட்டிக்குப் பின்வரும் நாட்பட்ட வீக்கத்தைத் தடுக்கும், புண்ணை ஆற்றும் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டாய். மூன்றுக்கும் ஒரே சான்றா? புண் ஆறுவது உண்மை. நாலு அடுக்குக் கட்டு 1980களில் உருவானதே இங்கே கிட்டத்தில், ஹமர்ஸ்மித்தின் சேரிங் குரொஸ் ஆஸ்பத்திரியில்தான். கணுக்காலில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் இரச அழுத்தம். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 457 பேர். இரட்டைக் காலுறை போட்டவர்களில் பாதிப் பேருக்கு 99 நாளுக்குள் புண் ஆறியது, நாலு அடுக்குக் கட்டுக்காரருக்கு 98 நாள். அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வில், இரத்தக்கட்டி வந்த 806 பேரில் ஒரு பகுதியினருக்கு அழுத்தமே இல்லாத போலிக் காலுறை கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. நாளப்புடைப்புக்கோ, வேறு சிகிச்சை செய்ய முடியாதவருக்கு மட்டுமே காலுறை என்று 2013இலேயே இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியான நைஸ் (NICE) சொல்லிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் தோல் தொற்றான செலுலைட்டிஸை நீ தொடவே இல்லை. 2020இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் கால்வீக்கமுள்ள 84 பேர். அழுத்தம் போட்டவர்களில் 15 வீதமானோருக்கும், போடாதவர்களில் 40 வீதமானோருக்கும் அந்தத் தொற்று திரும்பி வந்தது. சேர்த்துவிடு.

அதைவிடப் பெரிய குறை, நாடியைச் சோதிப்பதை நீ கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருப்பது. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்து, 0.5க்குக் கீழே வந்தால் கட்டைத் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். எங்கட ஆட்களில் நீரிழிவு எவ்வளவு என்பதும் தெரியும். நாடிச்சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால், கெட்டுப்போன காலிலும் எண் நல்லதாகவே காட்டும். அப்போது கால் பெருவிரலில் அளக்க வேண்டும். இதை எந்தத் தமிழ்க் குறிப்பிலும் நான் காணவில்லை, உன்னுடையதிலும் இல்லை.

தொண்ணூறுகளில் ஓர் ஐயா. கடையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று உழைத்தவர், நீரிழிவுக்காரர். சோதிக்காமலே யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "இறுக்குது, இறுக்குது" என்று இரண்டு நாள் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். வந்த தாதிக்கு அதைச் சொல்ல அவருக்கு ஆங்கிலம் இல்லை. மூன்றாம் நாள் நான் அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ பிள்ளை என்று அன்றைக்கும் சொன்னார்.

அதனால்தான் உன் ஏழாம் பக்கத்தைப் படித்தபோது கண் கலங்கியது. நோகுது, எரியுது, இறுக்குது, விறைக்குது என்று நாலையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தாதியிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதியிருக்கிறாயே, இப்படி ஒரு பக்கத்தை என் தொழில் முழுக்க நான் பார்த்ததில்லை. அந்த ஐயாவின் வீட்டில் அது இருந்திருக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்க முன் அந்தப் பக்கத்தை முதலாவதாக வை. அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி போடு: கட்டுப் போட முன், என் காலின் நாடியைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.