ஐம்பது வாங்கியும் ஏன் ஃபெயில்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் பருவ முடிவு வந்த அன்று நீ அனுப்பிய படத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. கணிதத் தாள்: அகமதிப்பீடு 22, பல்கலைக்கழகத் தேர்வு 28, மொத்தம் 50, எதிரே ‘ஆர்ஏ’, அதாவது மறுபடி எழுத வேண்டும். கீழே, “பாஸ் மார்க் 40தானே அண்ணா? அந்த சார் வேணும்னே பண்ணிட்டார்” என்று எழுதியிருந்தாய்.

கோபம் புரிகிறது. ஆனால் கோபப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை.

பாடம் நடத்தும் அவர் கையில் இருப்பது அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் மட்டும். அதில் 22 போட்டிருக்கிறார், தாராளம்தான். மீதி 75ஐத் திருத்தியவருக்கு நீ மரக்காணமா மன்னார்குடியா என்றே தெரியாது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பரவலாக உள்ள விதி இது: இளங்கலைத் தாளில் மொத்தம் 40 எடுத்தால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 75க்கு 30 எடுத்தாக வேண்டும். உனக்குக் குறைவது இரண்டே மதிப்பெண். உப்பளத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பாத்தி நிறையத் தண்ணீர் நின்றாலும் அதன் அடர்த்தி 25 டிகிரியை எட்டாமல் உப்பு இறங்காது.

அந்த 28 எப்படி 28 ஆனது என்பதுதான் பெரும்பாலான மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படாத கதை. தேர்வு முடிந்ததும் விடைத்தாளில் பதிவெண் மறைக்கப்பட்டு, வேறொரு எண் ஏறும். ‘டம்மி நம்பர்’ என்பார்கள். பிறகு திருத்தும் முகாம். பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவார்கள்; அவர்கள் போட்டதில் சிலவற்றை முதன்மைத் தேர்வாளர் எடுத்துச் சரிபார்ப்பார். முதுகலையில் பல இடங்களில் ஒரே தாளை இருவர் தனித்தனியே திருத்துவதும், இருவருக்கும் இடைவெளி அதிகமானால் மூன்றாமவரிடம் போவதும் உண்டு. இளங்கலைக்குப் பெரும்பாலும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இதற்கும் பிறகு முடிவு நேராக இணையத்துக்கு வந்துவிடாது. ‘பாசிங் போர்டு’ என்று ஒரு குழு கூடும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் பாடவாரித் தலைவர்களும் பட்டியலைப் பார்ப்பார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி வந்ததாகப் புகார் உண்டா? கேள்வியே தப்பா? ஒரு தாளில் மட்டும் தேர்ச்சி விகிதம் சரிந்து கிடக்கிறதா? கேள்வி தப்பென்றால் அதற்கு விடை எழுதியவர்களுக்கு மதிப்பெண் தரச் சொல்வதும், விதிக்குட்பட்டுக் கருணை மதிப்பெண் சேர்ப்பதும், காப்பியடித்து மாட்டியவரின் முடிவை நிறுத்தி வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். குழு ஒப்புதல் தந்த பிறகே அந்த எண் ‘மதிப்பெண்’ ஆகிறது. அதுவரை அது ஒரு ஆசிரியரின் கருத்து, அவ்வளவே.

கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் பழையது. 1832இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம், தன் மாணவர்களைச் சோதிக்க ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தது. 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் நடத்தவே இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டதால், தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் அதன் வேலை. பாடம் ஓரிடம், பட்டம் வேறிடம் என்ற இந்த ஏற்பாட்டில் உன் மாவட்டத்துக் கதை இன்னும் வேடிக்கை. விழுப்புரம் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்றே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. ஆட்சி மாறியதும், அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதனால்தான் முன்பு படித்து முடித்த அக்காக்களின் சான்றிதழில் ஒரு முத்திரையும் உன்னுடையதில் வேறு முத்திரையும்.

இத்தனை பேர் பார்த்தும் தப்பு நடக்காதா? நடக்கும். அதற்கான உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2017 ஏப்ரல்–மே தேர்வுகளுக்குப் பின், அண்ணா பல்கலைக்கழகத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பித்தார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் தேறினார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மீதும் ஆசிரியர்கள் சிலர் மீதும் குற்றச்சாட்டு. அந்த வழக்கில் பேசப்பட்ட மண்டல மையம் நம் பக்கத்துத் திண்டிவனம்தான். அந்தக் குற்றச்சாட்டு எழுந்தது முதல் திருத்தத்தில் அல்ல, மேல்முறையீட்டுக் கதவில் என்பதைக் கவனி. பல கண்கள் பார்க்கும் இடத்தைவிடச் சில கண்கள் மட்டும் பார்க்கும் இடத்தில்தான் கை நீளும்.

தேர்வே வேண்டாம் என்ற பக்கத்திலிருந்தும் ஒரு நெருக்கடி வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள், அதாவது தேறாத தாள் வைத்திருந்தவர்கள் எல்லோரும், இறுதிப் பருவம் நீங்கலாக, தேர்ச்சி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. முதல்வரைப் புகழ்ந்து சுவரொட்டிகள் முளைத்தன. இரண்டு நாள் கழித்து, இறுதியாண்டு மாணவர்களைத் தேர்வில்லாமல் தேர்ச்சியாக்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. அரியர் விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்குத் தொடுத்தவர்களில் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமியும் ஒருவர். தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை 2021இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு மாணவர்களுக்கு எதிரானதல்ல. அந்த ஆண்டுச் சான்றிதழை வேலை கொடுப்பவன் ஓரக்கண்ணால் பார்க்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, உன் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருவோம். விடைத்தாள் நகல் கேள். 2011இல் உச்ச நீதிமன்றம், தேர்வெழுதியவருக்குத் தன் திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மறுமதிப்பீடு அப்படி இயல்பான உரிமை அல்ல. பல்கலைக்கழக விதி இடம் கொடுத்தால்தான். நகல் வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபார். திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பார். அதன் பிறகு நீ கோபப்பட்ட அதே சாரிடம் கொண்டுபோய்க் காட்டு. உன் நகலை அவரைவிட அக்கறையாகப் படிக்கிறவர் கிடைக்க மாட்டார்.

அரியர் இருந்தாலும் நீ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். மருத்துவக் கல்லூரியில் முதல் கட்டத் தேர்வில் தேறாதவர் அங்கேயே நிற்க வேண்டும். கலைக் கல்லூரியில் அந்தச் சுவர் இல்லை. இங்கே ஆளை நிறுத்துவது வருகைப்பதிவு. பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும். சற்றுக் குறைந்தால் அபராதம், 50க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். பருவத்துக்கு 90 நாள் என்றால் 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும். தை பிறந்து வெயில் ஏறியதும் உப்பு வாரக் கை தேவைப்படும் வீடு உன்னுடையது. அந்தக் கணக்கில் உனக்கு 22 நாள்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு.

நகல் கேட்கும் விண்ணப்பத்துக்குக் கெடு சில நாட்கள்தான். திங்கட்கிழமை முதல் பேருந்தில் ஏறு.

அன்புடன்,
அண்ணன்