தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதா வேளாண் விரிவாக்கம்?

நம்பிக்கை: தருமபுரி மானாவாரி உழவருக்கு நீடித்த வேளாண்மை தெரியாது, அதிகாரி வந்துதான் கற்றுத்தர வேண்டும்.

உண்மை: கேழ்வரகுக் காட்டில் சால்விட்டு அவரையும் மொச்சையும் போட்டவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. பயறு மண்ணுக்கு வலு. மழை ஏமாற்றி ராகி போனாலும் மொச்சையாவது வீடு வந்து சேரும். இன்று அதைக் கைவிடுகிறவர் மறந்துபோய்க் கைவிடவில்லை. கலப்புப் பயிரில் அறுவடை இயந்திரத்தை இறக்க முடியாது, ஆள் கூலியோ கட்டுபடியாகாது. இதற்குப் பயிற்சி முகாம் போட்டு என்ன பயன்?

நம்பிக்கை: துல்லியப் பண்ணையம் மானியத்தால் மட்டுமே வென்றது.

உண்மை: பாதி சரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேருக்கெனத் தொடங்கிய மூன்றாண்டுத் திட்டம் அது. முதல் ஆண்டு முழு மானியம், அடுத்து 90 சதவீதம், பிறகு 80. வறட்சியில் அடிபட்டிருந்தவர்கள் முழு மானியத்துக்கே தயங்கினார்கள். மானியம் குறைந்த பிறகும் ஆள் சேர்ந்தது. உளிக்கலப்பையால் அடிமண் இறுக்கத்தை உடைத்தது, குழித்தட்டு நாற்று, சொட்டுநீரோடு உரம் எல்லாம் பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணெதிரே நடந்தன. உழவர்களே சங்கம் அமைத்து இடுபொருளை மொத்தமாக வாங்கினார்கள். ஆனால் நீரில் கரையும் உரம் விலை கூடியது. தண்ணீர் மிச்சம் என்பதற்காக மட்டும் இதை நீடித்த வேளாண்மை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம்பிக்கை: மரவள்ளியில் மாவுப்பூச்சி கண்டால் உடனே மருந்தடி.

உண்மை: இங்கேதான் பரம்பரை அனுபவம் கைகொடுக்காது. 2020இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புதுப் பூச்சி இது, தாத்தாவுக்கும் தெரியாது. இதன் இயற்கை எதிரி அனாகைரஸ் லோபெசி என்ற பொடிக் குளவி. ஆப்பிரிக்காவில் 1980களிலேயே மரவள்ளியைக் காத்தது அதுதான். பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்கள் முன்னிலையில் விட்டார்கள்.

குருத்து சுருண்டு கொத்தாகிப்போன செடியில் ஓர் இலையை விரித்துப் பாருங்கள். வெள்ளை மாவுக்கு நடுவே பழுப்பேறி, உப்பி, கெட்டியான கூடுகள் இருந்தால், உள்ளே வளர்வது குளவி. கூட்டில் வட்டமான ஓட்டை தெரிந்தால், அது வெளியேறி வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் மருந்தடித்தால் செத்துப்போவது நம் கூலியில்லா வேலையாள்.

இதை நோட்டீஸில் அச்சடித்தால் யார் மனதிலும் நிற்காது. லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்ட ஆள் வேண்டும். மருந்துக்கடைக்காரர் பொழுது சாய்ந்தும் கடையில் இருக்கிறார். உதவித் தோட்டக்கலை அலுவலரோ மானிய விண்ணப்பத்துக்குச் சிட்டா, அடங்கல் சரிபார்ப்பதில் கிடக்கிறார். அவர் காட்டுக்கு வரும்வரை, சந்தேகமான குருத்தை இறுகக் கட்டிய கவரில் போட்டு, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிட்டு மருந்துக்கடைப் பக்கம் போகலாம்.