கடல் கடந்த கறி

நுழையும்முன்

புதுதில்லியின் சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லம் உள்ளது. போர்ச்சுகல், பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளின் தூதரகங்களும் அப்பகுதியிலேயே அமைந்துள்ளன. இம்மூன்று நாட்டு மொழிகளிலும் வழங்கும் ஓர் உணவுச்சொல் நம் வீட்டு அடுக்களையிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. அது ‘கறி’ என்னும் சொல்லாகும். ‘கறி’ ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் சரியா? சான்றுகளைக் கொண்டு ஆராய்வோம்.

சொல்லின் பழமை

சங்க காலத்தில் ‘கறி’ என்னும் சொல் மிளகைக் குறித்தது. சேரநாட்டு முசிறித் துறைமுகத்திற்கு யவனர் பொன்னுடன் வந்து, கறியை ஏற்றிக்கொண்டு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. பிற்காலத்தில் இச்சொல் சோற்றுடன் சேர்த்து உண்ணும் தொடுகறியைக் குறிக்கலாயிற்று. காய்கறி, கறிவேப்பிலை ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. இலங்கைத் தமிழர் காய்கறியை ‘மரக்கறி’ என்பர். தமிழ்நாட்டில் இன்று பலர் ‘கறி’ என்று இறைச்சியை மட்டுமே குறிக்கின்றனர். இவ்வாறு ஒரு சொல்லின் பொருட்பரப்பு குறைவதைப் பொருள் சுருக்கம் என்பர்.

சொல்லின் பயணம்

போர்ச்சுகீசியர் 1498ஆம் ஆண்டு கோழிக்கோட்டை அடைந்தனர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ‘கறி’ அவர்கள் மொழியில் ‘கரில்’ என்றாயிற்று. பின்னர்க் கோவாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சு நாட்டவர், தம் பயணநூலில் இவ்வுணவைப் பற்றி எழுதினார். சற்றே புளிப்புடைய மீன்சாற்றைச் சோற்றின்மேல் ஊற்றி மக்கள் உண்பதை அவர் குறிப்பிட்டார். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598இல் வெளிவந்தது. ஆங்கில நூலொன்றில் இச்சொல் இடம்பெற்றமைக்கு அது மிகப் பழைய சான்றாகும்.

1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் கறி சமைக்கும் முறை இடம்பெற்றது. அதில் மிளகும் கொத்துமல்லி விதையும் சேர்க்கப்பட்டன. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்தார். நாளடைவில் ஆங்கிலேயர், குழம்பு, கூட்டு, குருமா என நாம் வெவ்வேறு பெயரிட்டு அழைக்கும் உணவுகள் அனைத்தையும் ‘கறி’ என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். இது பொருள் விரிவு ஆகும். ஜப்பானில் மேஜி பேரரசர் காலத்தில் (1868–1912) பிரிட்டன் வழியாக இவ்வுணவு பரவியது. அங்கு இதன் பெயர் ‘கரே’.

ஒலி ஒன்று, வேர் வேறு

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரு சொற்கள் ஒரே வேரின என்று கூறலாகாது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஆங்கிலச் சமையல் நூலொன்றில் ‘கியூரி’ என்னும் சொல் காணப்படுகிறது. அது சமைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; கறியோடு தொடர்பற்றது. தில்லியில் நாம் உண்ணும், தயிரும் கடலைமாவும் கலந்த ‘கடீ’யும் வேறு சொல்லே. அது காய்ச்சுதல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து தோன்றியது.

ஆகவே, ஒரு சொல்லின் பிறப்பை அறிய மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அச்சொல்லின் பழைய பதிவு எம்மொழியில் உள்ளது? இரு மொழிகளிலும் பொருள் பொருந்துகிறதா? இரு மொழியினரும் எங்கே, எப்போது சந்தித்தனர்? ‘கறி’ இம்மூன்றிற்கும் விடை தருகிறது. நம் தாய்மொழிச் சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்றது என்பதை இனி நாம் சான்றுடன் எடுத்துரைக்கலாம்.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
யவனர் – கிரேக்க, உரோம நாட்டினர்
தொடுகறி – சோற்றுக்குத் துணையாகும் உணவு

பயிற்சி

1. சங்க காலத்தில் ‘கறி’ எதனைக் குறித்தது? அதற்குரிய சான்று யாது?
2. பொருள் சுருக்கம், பொருள் விரிவு ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுக.
3. ‘கறி’, ‘கரி’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு தோன்றத் தனித்தனித் தொடர் அமைக்க.
4. உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ‘கறி’ என்னும் சொல் சேர்ந்த ஐந்து உணவுப் பெயர்களை எழுதுக. அவர்கள் ஊரில் ‘கறி’ என்பது எதனைக் குறிக்கிறது என்பதையும் குறிப்பிடுக.
5. ‘கட்டுமரம்’, ‘மிளகுத்தண்ணீர்’ ஆகிய தமிழ்ச்சொற்களும் ஆங்கிலத்தில் வழங்குகின்றன. அவை அங்கு எவ்வாறு ஒலிக்கின்றன, எதனைக் குறிக்கின்றன என்பதை அகராதியில் கண்டு எழுதுக.